பூச்சி இருக்கட்டும், அது இருந்த செடி எங்கே?

கடந்த யூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கச்சான் காற்று வளவு முழுவதும் வேப்பஞ்சருகை வாரி இறைத்துக்கொண்டிருந்த வேளையில், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இருக்கும் என் அக்காவின் மகளிடமிருந்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. படம் முழுவதையும் ஒரு பூச்சியே அடைத்திருந்தது. கறுப்பு உடம்பு, முதுகில் மஞ்சள் திட்டுகள், உடம்பின் நீளத்துக்குக் குறையாத இரண்டு உணர்கொம்புகள், பின்னால் எதுவென்று தெரியாத ஒரு பச்சைக் கலங்கல். கீழே ஒரே ஒரு வரி: "மாமா, மலையில் கண்டேன், இது என்ன வண்டு?" சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் படித்த பிள்ளை என்பதால் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. வண்டு என்ற சொல் மட்டும் பிழை.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் முப்பது வருடங்களுக்கு மேல் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நெல் வரம்பில் குந்தியிருந்து பூச்சி பார்த்தவனே தவிர, அல்ப்ஸ் மலையைக் கண்ணால் கண்டவன் அல்லன். ஆனாலும் வரம்பில் பார்த்த பூச்சிக்கும் பனிமலையில் பார்த்த பூச்சிக்கும் உடம்பின் அமைப்பு ஒன்றுதான் என்பதால், கைத்தொலைபேசியைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினேன். அன்றைய இரவுச் சாப்பாடு பிந்தியதற்கு வீட்டில் வாங்கிய பேச்சைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

வண்டின் முன்னிறக்கைகள் இரண்டும் ஓடுபோலத் தடித்து, முதுகின் நடுவே ஒரு நேர்கோட்டில் பொருந்தி மூடிக்கொள்ளும். படத்தில் இருந்ததற்கு அந்த நேர்கோடு இல்லை. இறக்கைகள் பின்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கழுத்துக்குப் பின்னால் ஒரு முக்கோணம் தெளிவாகத் தெரிந்தது. இறக்கையின் அடிப்பகுதி தோல்போலத் தடித்தும் நுனிப்பகுதி பொலித்தீன்போல மெலிந்தும் இருந்தது. இப்படிப் பாதி தடித்த இறக்கையும், உறிஞ்சிக் குடிப்பதற்கு ஊசி போன்ற வாயும் உடையவற்றைத் தமிழ்நாட்டு வேளாண்மை நூல்கள் நாவாய்ப்பூச்சி என்கின்றன. எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் அந்தச் சொல் புழங்குவதில்லை. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் வந்து மணியை உறிஞ்சிப் பதராக்கி, வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கும்போதே மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தையும் பரப்பும் பூச்சியை இங்கே நெல் மூட்டுப்பூச்சி என்பார்கள். கட்டிலில் கடிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் அதற்கும் உறவு உண்டு என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்ட எங்கள் ஆட்களின் கண்ணை நான் எப்போதும் மெச்சுவேன். அந்த இரண்டும், மருமகள் அனுப்பிய கறுப்பு மஞ்சள் பூச்சியும் ஒரே வரிசையைச் சேர்ந்தவைதாம்.

அடுத்த படி குடும்பத்தைக் கண்டுபிடிப்பது. இதற்குத் தலையின் உச்சியைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் புடைத்திருக்கும் இரண்டு பெரிய கூட்டுக்கண்களைத் தவிர, நாவாய்ப்பூச்சிகள் பலவற்றுக்கு உச்சந்தலையில் கண்ணாடி மணி பதித்ததுபோல இரண்டு சிறு தனிக்கண்கள் இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையை வைத்து வெயிலுக்குத் திருப்பினால் அவை பளிச்சென்று மின்னும். நெல் மூட்டுப்பூச்சிக்கு அவை உண்டு. மிரிட் என்ற குடும்பத்தில், ஒரு சிறு கிளையைத் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் அவை இல்லை. மருமகளின் படத்தில் உச்சந்தலை வெறுமையாக இருந்தது.

ஆனால் இல்லாத ஒன்றை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. படத்தில் தெரியாததும் பூச்சியில் இல்லாததும் ஒன்றல்ல. ஆகவே இறக்கைக்குப் போனேன். மிரிட் குடும்பத்துப் பூச்சியின் முன்னிறக்கையில், தடித்த பகுதி முடிகிற இடத்தில், வெளியோரமாக ஒரு சிறு முக்கோணத் துண்டு தனியாக ஒட்டவைத்ததுபோல இருக்கும். அதற்கு இலத்தீனில் குனியஸ் என்று பெயர். ஆப்பு என்று பொருள். தச்சனின் ஆப்பைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. ஆப்புக்கு முன்னால் இறக்கையின் ஓரத்தில் கத்தி நுனியால் கீறினதுபோல ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த இடத்திலிருந்து இறக்கை சற்று மடிந்து, வீட்டுக் கூரையிலிருந்து தாழ்வாரம் இறங்குவதைப்போலக் கீழ்நோக்கிச் சரியும். ஆகவே பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பூச்சிகளின் முதுகு பின்பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் குனிந்தே இருக்கும். இதை ஒருமுறை கண்ணில் பிடித்துவிட்டால், பிறகு எந்தச் செடியில் இருந்தாலும், மூன்றடி தூரத்திலிருந்தே இது மிரிட் என்று சொல்லிவிடலாம். படத்தில் அந்த ஆப்பு மஞ்சளாகவும் அதன் கூர்நுனி கறுப்பாகவும் இருந்தது. அதற்குப் பின்னால், மெல்லிய நுனிப்பகுதியில், நரம்புகள் சுற்றி வளைத்து அடைத்த இரண்டு அறைகளின் கோடும் மங்கலாகத் தெரிந்தது. இனிச் சந்தேகமில்லை.

மிரிட் என்று சொல்லிவிட்டதால் பெரிதாக ஒன்றும் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாவாய்ப்பூச்சிகளில் இதுவே மிகப் பெரிய குடும்பம். இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 11,000க்கு மேல். 1833 இல் ஹான் என்ற ஜேர்மனியர் மிரிட் என்ற குடும்பப் பெயரை ஏற்படுத்தியிருந்தாலும், நெடுங்காலம் கப்சிட் என்ற பெயரே வழக்கில் இருந்தது. இலங்கையையும் சேர்த்து இந்தியத் துணைக்கண்டத்துப் பூச்சிகளைத் தொகுத்த டிஸ்ரன்ற், 1904 இல் இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியபோதும் கப்சிட் என்றே எழுதினார். அவருக்குப் பேராதனையிலிருந்து பூச்சிகளைச் சேர்த்து அனுப்பிய கிறீன் என்ற அரசாங்கப் பூச்சியியலாளரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவருடைய பூச்சிகள் ஊசியில் குத்தி, இடமும் திகதியும் எழுதிய துண்டோடு கப்பலில் போயின. எனக்கு வந்ததோ, வாட்சப் நசுக்கிக் குறுக்கிய ஒரு படம்.

நிறத்தை வைத்தும், உருவத்தை வைத்தும், ஐரோப்பிய மிரிட்களைப் பற்றி என்னிடம் இருந்த சில குறிப்புகளை வைத்தும் பார்த்ததில் கிரிப்போகோரிஸ் என்ற பேரினம் பொருந்தி வந்தது. கறுப்பில் மஞ்சள் சொட்டுகள், ஆறு முதல் எட்டு மில்லிமீற்றர் நீளம். அதிலே நடு ஐரோப்பாவின் மலைப்பாங்கான இடங்களில் பரவலாக இருப்பது செக்ஸ்குட்டாட்டஸ். ஆறு சொட்டுகள் உடையது என்று பொருள். 1777 இல், உயிரினங்களுக்கு இலத்தீன் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசின் மாணவரான ஃபப்ரீசியஸ் இட்ட பெயர் அது. ஆனால் இதைப்போலவே உடுத்திக்கொண்டு இன்னொன்றும் இருக்கிறது: ஷ்டீசி. செக் நாட்டு நாவாய்ப்பூச்சி அறிஞரான பாவெல் ஷ்டீஸ் என்பவரின் பெயரால், 1968 இல் வாக்னர் என்ற இன்னொரு பூச்சியியலாளர் அதைத் தனி இனமாகப் பிரித்தார். பிரித்தானியாவில் உள்ளவர்கள் பல காலமாகத் தங்கள் காட்டோரங்களில் கண்டதை ஆறு சொட்டுப் பூச்சி என்றே புத்தகங்களில் எழுதிவந்தார்கள். பிறகுதான் அவர்களிடம் இருப்பது ஷ்டீசி என்று தெரிந்தது. ஆயுள் முழுவதும் அதையே பார்த்திருந்தவர்களும் பெயரை மாற்றிப் படிக்க வேண்டி வந்தது.

ஆகவே மருமகளுக்கு உடனே பெயரை எழுதி அனுப்பாமல், இரண்டு கேள்விகளை அனுப்பினேன். எந்த உயரத்தில் கண்டாய்? எந்தச் செடியில் இருந்தது?

முதல் கேள்விக்கு விடை உடனே வந்தது. கண்டர்ஸ்டெக் என்ற மலைக்கிராமத்திலிருந்து எஷினன் ஏரிக்கு ஏறிப்போகும் பாதையில் கண்டிருக்கிறாள். கிராமம் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலும் ஏரி 1,578 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு வந்த விடை: "ஏதோ பச்சைச் செடி மாமா. பூச்சி பெரிதாகத் தெரியட்டும் என்று மற்றதையெல்லாம் வெட்டிவிட்டேன்."

இதை வாசித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வெட்டியெறிந்த பகுதியில்தான் எனக்கு வேண்டிய விடை இருந்தது. செடிப்பூச்சிகளுக்குச் செடி தங்கும் இடம் மட்டுமல்ல. முட்டையைத் தண்டுக்குள் செருகுவதும், குஞ்சு பொரித்து ஐந்து முறை தோலுரித்து வளருவதும், சாறு குடிப்பதும், துணையைத் தேடுவதும் பெரும்பாலும் அதே செடியிலோ அதைச் சுற்றிய ஓரிரு செடிகளிலோதான். கருவாலி மரத்தில் மட்டும் இருப்பது, புல்லில் மட்டும் இருப்பது, ஒரே ஒரு பூண்டில் மட்டும் இருப்பது என்று மிரிட்களில் பலவகை உண்டு. செடியின் பெயர் தெரிந்தால் சந்தேகப்பட்டியல் நூறிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிடும். படத்தை வெட்டுவதற்கு முன் முழுப் படத்தையும் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை. அப்படியானால் திரும்பப் போ என்றேன். பேர்ணிலிருந்து அந்த ஊருக்குப் புகையிரதத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தால் இவ்வளவு அதிகாரமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். மதியத்தில் படம் ஒன்றும் வராமல், "கை எரிகிறது மாமா" என்று ஒரு குரற்செய்தி வந்தது. அதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வெளியே காட்டிக்கொள்ளக்கூடாது என்று எனக்கே தெரிந்தது. ஐரோப்பாவில் தொட்டவுடன் கையை எரிக்கும் செடி என்றால் முதலில் நினைக்க வேண்டியது உர்ட்டிகா. இந்தக் கறுப்பு மஞ்சள் பூச்சி விரும்பி இருக்கும் செடிகளில் அது ஒன்று. இங்கே வேலியோரத்தில் படர்ந்து, தெரியாமல் உரசியவரைச் சொறியவைக்கும் காஞ்சோண்டியின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஆனால் இரண்டும் உறவில்லை. எங்கள் காஞ்சோண்டி ஆமணக்கின் குடும்பம். அது வேறு குடும்பம். எரிக்கும் மயிரை இரண்டும் தனித்தனியே வளர்த்துக்கொண்டன.

பிறகு வந்த ஏழு படங்களில் செடியும் இடமும் முழுதாக இருந்தன. பாதையிலிருந்து விலகி ஒரு பழைய மாட்டுக் கொட்டில்; அதன் பின்சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்துக்கு உர்ட்டிகா; இடையிடையே குடைபோல விரிந்த வெள்ளைப் பூங்கொத்துகளுடன் வேறொரு செடி; அப்பால் இருண்ட ஊசியிலை மரங்கள். வெள்ளைப் பூக்கொத்துச் செடி கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பூவின் அமைப்பே சொன்னது. எங்கள் வல்லாரையும் அந்தக் குடும்பந்தான். பூச்சிகளும் இருந்தன. ஒன்று உர்ட்டிகா இலையின் விளிம்பில், இரண்டு வெள்ளைப் பூவின்மேல்.

அந்தப் படங்களில் நான் அதிக நேரம் பார்த்தது பூச்சியை அல்ல, கொட்டிலை. அல்ப்ஸ் மலையில் கோடை தொடங்கும்போது மாடுகளை மேலே ஓட்டிப்போவதும், செப்ரெம்பரில் கீழே இறக்குவதும் பழைய வழக்கம். மாடு ஓய்வெடுத்துக் கிடக்கும் இடத்தில் சாணியும் மூத்திரமும் வருடக்கணக்காகச் சேர்ந்து, மண்ணில் நைதரசன் மிஞ்சிவிடும். அங்கே மலைப்புல்லும் சிறு பூண்டுகளும் தோற்று, கொழுத்த மண்ணை விரும்பும் உர்ட்டிகாவும் அகன்ற இலைச் செடிகளும் காடாக எழும்பும். அந்தச் செடிகளில்தான் எங்கள் பூச்சி. இதற்கு நான் அல்ப்ஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை. வேளாண்மை தொடங்கும்போது வட்டையிலிருந்து மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப்போய், அறுவடை முடிந்த பின் திரும்பக் கொண்டுவருவது எங்கள் மாவட்டத்தின் வழக்கம். பட்டி எடுத்துப்போன இடத்தில் ஒரு மழை விழுந்ததும் குப்பைமேனியும் நாயுருவியும் கீரை வகைகளும் கரும்பச்சையாக எழும்பும். பத்து வருடத்துக்கு முன் பட்டி இருந்த இடத்தைக்கூட அந்தப் பச்சையை வைத்தே காட்டும் முதியவர்களை நான் அறிவேன். பூச்சி பார்ப்பவன் முதலில் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. மருமகள் தன் சிநேகிதிகளுக்கு இதை அல்ப்ஸ் உச்சிப் பூச்சி என்று சொல்லியிருக்கிறாள். அது சரியல்ல. மரங்கள் வளரமுடியாத எல்லைக்கு மேலே உள்ளதுதான் உண்மையான உச்சிப்புல்வெளி. சுவிஸ் அல்ப்ஸின் வடக்குச் சரிவில் அந்த எல்லை ஏறத்தாழ 1,800 மீற்றரிலும், உள்பள்ளத்தாக்குகளில் 2,300 மீற்றர் வரையிலும் இருக்கிறது. அவள் நின்ற இடம் அதற்குக் கீழே, காட்டோரம். நுவரெலியா நகரம் அதைவிட உயரத்தில், 1,868 மீற்றரில் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை சொச்சம், பேர்ண் ஏறத்தாழ நாற்பத்தேழு. எங்கள் நாட்டின் மிக உயரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயர்ந்தும் உச்சிவரை மரம் மூடியே இருக்கிறது. மரம் நின்றுபோகும் எல்லை இலங்கையில் இல்லை. அங்கேயோ அதில் பாதி உயரத்திலேயே மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும். ஆறு சொட்டுப் பூச்சி அந்த மாதங்களை முட்டையாகத் தண்டுக்குள் கழிக்கிறது. பனி உருகித் தளிர் விட்ட பிறகு பொரித்து, யூன் யூலையில் இறக்கை முளைத்து, கோடை முடிவதற்குள் முட்டையிட்டு மடிகிறது. வருடத்தின் பெரும்பகுதியில் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றாலும் அதைக் காணமுடியாது.

உயரத்துப் பூச்சி என்று சொல்லத்தக்க ஒன்றையும் அவள் அறியாமலே அனுப்பியிருந்தாள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஏழு படங்களில் ஒன்றில், புல்லின்மேல், இறக்கை அரைகுறையாக நின்றுபோன ஒரு நீண்ட பூச்சி இருந்தது. "குஞ்சு மாமா" என்று எழுதியிருந்தாள். குஞ்சா, வளர்ந்ததா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. மிரிட் குஞ்சின் கணுக்காலில் இரண்டு துண்டுகள், வளர்ந்ததில் மூன்று. இந்தப் படத்தில் ஒரு பின்கால் புல்லின் ஓரத்தில் அழகாக நீட்டிக்கொண்டிருந்ததால் மூன்றையும் எண்ண முடிந்தது. ஆகவே அது வளர்ந்த பெண் பூச்சி; இறக்கைதான் குட்டை. உணர்கொம்பின் முதல் துண்டு தடித்து மயிரடர்ந்து இருந்ததால் லெப்டொப்டெர்னா என்று பேரினத்தையும் சொல்ல முடிந்தது. அதில் ஆண்களுக்கு முழு இறக்கையும், பெண்களில் பலவற்றுக்குக் குட்டை இறக்கையும் இருக்கும். புல்லை நம்பி வாழும் இது மலையடி மேய்ச்சல் தரைகளில் சாதாரணம், உச்சிக்கு மட்டும் உரியதல்ல. குட்டை இறக்கை வழக்கத்தை இன்னும் அதிகமாகக் காட்டும் டைமோர்ஃபோகோரிஸ் என்ற பேரினத்தின் பெயருக்கே இரு வடிவப் பூச்சி என்றுதான் பொருள். அதன் இனங்கள் சில உண்மையாகவே உயர்ந்த மலைப்புல்வெளிகளுக்கு உரியவை. காற்று எந்த நேரமும் அடிக்கும் சரிவில், காலடியிலேயே உணவும் இருக்கும்போது, பறப்பதற்குச் செலவிடும் உடம்பை முட்டைக்குச் செலவிடுவது ஆதாயம் என்று விளக்குவார்கள்.

செடியைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், பெரும்போகத்தில், படுவான்கரை வயற்கண்டம் ஒன்றில் வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் என்னை வரம்புக்கு அழைத்துப்போனார். "தம்பி, பச்சையாச் சின்னன் சின்னனா அடியில ஓடுது, பாருங்க" என்றார். நான் நெல்லைத் தட்டிப் பார்த்தேன். மூன்று மில்லிமீற்றர் அளவில் பச்சை நிறப் பூச்சிகள், நிறைய. பச்சைத் தத்தி என்றேன். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்தேன். அவர் ஓடுது என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. தத்தி என்றால் தத்த வேண்டும். பெயரிலேயே அது இருக்கிறது. தட்டியபோது அவை ஒன்றும் துள்ளவில்லை, தாளின் அடியில் ஓடி ஒளிந்தன. தத்தியின் உணர்கொம்பு கண்ணுக்குத் தெரியாத சிறு மயிர். இவற்றுக்கு நீண்ட கொம்பு. முதுகு பின்னால் குனிந்திருந்தது. ஒரு கைவில்லை சட்டைப்பையில் இருந்தது, அதை எடுக்கவும் இல்லை.

அவை சிர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ். பச்சை மிரிட் என்று சொன்னால் போதும். சாறு குடிக்கும் குடும்பத்தில் பிறந்தும் இது நெல்லைக் கெடுப்பதில்லை. அறக்கொட்டியான் என்று நாங்கள் சொல்லும் கபில நிறத் தத்தி, நெல்லின் இலையுறைக்குள் முட்டையைச் செருகி வைக்கும்; பச்சை மிரிட் தன் ஊசி வாயை அந்த உறைக்குள் நுழைத்து முட்டையைத் தேடி உறிஞ்சும். ஒரு நாளைக்கு ஏழு முதல் பத்து முட்டைகள் அதற்கு வேண்டும். அது அவ்வளவு நிறைய இருந்தது என்றால், உறைக்குள் அறக்கொட்டியின் முட்டையும் நிறைய இருந்தது என்றுதான் பொருள். நான் பூச்சியின் நிறத்தைப் பார்த்தேன். அது செடியின் எந்த இடத்தில், என்ன தேடிக்கொண்டு நின்றது என்று பார்க்கவில்லை. மருந்து மிரிட்டைக் கொன்றது. உறைக்குள் இருந்த முட்டைகள் தப்பின. மூன்று வாரம் கழித்து அந்தக் கண்டத்தில் நெல் வட்டம் வட்டமாக, நெருப்புச் சுட்டதுபோலக் காய்ந்தது. அந்த முதியவர் என்னைக் குறை சொல்லவில்லை, அறக்கொட்டிதானே தம்பி, வரத்தான் செய்யும் என்றார். என்னால் வந்தது என்று அன்று அவரிடம் சொல்லும் துணிவும் எனக்கு இருக்கவில்லை.

இந்தப் பிழையைச் செய்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல. மருந்தடித்த பிறகு அறக்கொட்டி முன்னிலும் பெருகும் கதையை ஆசியாவின் நெல்நாடுகள் எல்லாம் கண்டன. இந்தோனேசியா 1986 இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததற்கும் அதுவே காரணம். அதற்கு வெகு முன்னரே, 1920 இல், இதே உறவைச் சேர்ந்த இன்னொரு மிரிட்டை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டு, கரும்புத் தத்தியை அதன் முட்டையிலேயே அடக்கியிருக்கிறார்கள். குடும்பத்தின் மறுபக்கமும் என் வளவிலேயே இருக்கிறது. மரமுந்திரிகை பூக்கும் காலத்தில் தளிரையும் பூங்கொத்தையும் குத்தி, குத்திய இடமெல்லாம் கரிந்துபோகச் செய்யும் ஹெலொபெல்டிஸ் அன்ரனியும் மிரிட்தான். அதன் முதுகு முக்கோணத்தில், குண்டூசியை நட்டு வைத்ததுபோல, தலையில் குமிழ் வைத்த ஒரு மெல்லிய முள் நிமிர்ந்து நிற்கும். உலகத்தில் வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இந்த ஒரு முள்ளுக்காக ஒருவர் கைவில்லை வாங்கலாம். 1858 இல் சிக்னோரே என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் இலங்கையிலிருந்து கிடைத்த பூச்சியை வைத்தே அதற்குப் பெயரிட்டார்.

மருமகளுக்கு இவை எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை. பேரினம் கிரிப்போகோரிஸ் என்றும், இடமும் உயரமும் செடியும் ஆறு சொட்டுப் பூச்சிக்கே அதிகம் பொருந்துகின்றன என்றும், ஆனாலும் ஷ்டீசியை விலக்க முடியாது என்றும் எழுதினேன். "நிச்சயமாகச் சொல்ல என்ன வேண்டும்?" என்று கேட்டாள். உணர்கொம்பின் துண்டுகளையும் தலையின் அகலத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். அதிலும் தெளிவு வராவிட்டால் ஒரு ஆண் பூச்சியைக் கொன்று, வயிற்றின் நுனியைத் திறந்து, அதன் இனப்பெருக்க உறுப்பின் கொக்கிகளை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். மிரிட்களில் பல இனங்களுக்கு இறுதித் தீர்ப்பு அந்தக் கொக்கிகளின் வளைவில்தான் இருக்கிறது. கொல்ல மாட்டேன் என்று உடனே பதில் வந்தது. வற்புறுத்தவில்லை. முப்பது வருடம் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தவன் கைக்கு அது ஒரு ஓய்வு.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் அவள் மூன்றாம் முறையும் போனாள். உர்ட்டிகா விதை பிடித்துத் தலை கவிழ்ந்திருந்தது, வெள்ளைப் பூக்கள் காய்ந்து குடைக்கம்பிகள் மட்டும் நின்றன, பூச்சி ஒன்றும் இல்லை. வெறும் தண்டை ஒரு படம் எடுத்து அனுப்பினாள். முட்டை இதற்குள் இருக்குமா என்று கேட்டிருந்தாள். இருக்கலாம் என்றேன். என் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: கிரிப்போகோரிஸ், இனம் தீர்க்கப்படவில்லை, உர்ட்டிகாவிலும் கொத்தமல்லிக் குடும்பத்துப் பூவிலும், மாட்டுக் கொட்டிலின் பின்சுவர், கண்டர்ஸ்டெக்கிலிருந்து எஷினன் ஏரிக்குப் போகும் பாதை, யூலை. அடுத்த யூலையில் ஒரு அடிமட்டமும் நீளக்கைச் சட்டையும் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறாள்.